இரண்டு படத்திலும் ஒரே முகம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மூவரும் நலம் என்று எழுதிவிட்டால் ஒரு வரியில் வேலை முடிந்துவிடும். உடம்பளவில் நலம்தான். ஆனால் போன வாரம் இந்த வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை உனக்கு எழுதச் சொன்னதே அம்மாதான், அதனால் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன், பதறாமல் படி.

அம்மா ஏன் வீடியோவில் வருவதே இல்லை என்று ஒவ்வொரு முறையும் கேட்பாய். கேமரா சரியில்லை, கையெல்லாம் சோப்பு, இப்போதுதான் படுத்தாள் என்று நானும் வாய்க்கு வந்த சாக்கையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். விஷயம் இதுதான். நீ கிளம்பிப் போன கொஞ்ச நாளில் அம்மாவின் வலது கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு வெண்புள்ளி வந்தது. இப்போது அது உள்ளங்கை அளவுக்குப் பரவி உதட்டோரம் வரை வந்திருக்கிறது. தோல் டாக்டர் இது ஒட்டுகிற வியாதி இல்லை, உயிருக்கும் ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார். களிம்பு தடவுகிறாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். சொன்னால் நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய், அதைவிட, கண்ணாடி முன் நின்று உன் கன்னத்தில் தேட ஆரம்பித்துவிடுவாய் என்று பயம். அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் வாங்க வந்த ஒருவர் மீதிச் சில்லறையை அவள் கையிலிருந்து வாங்காமல் மேஜைமேல் வைக்கச் சொன்னாராம். மறுநாளே முதலாளியிடம் கேட்டு, உள் அறையில் பெட்டி பிரித்து அடுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டாள். என்னிடம் அதைக்கூட ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள்.

இப்போது சின்னவள் கதைக்கு வருகிறேன். அவள் படிப்பில் இந்த முறை ஒரு சினிமா டிரெய்லர் எடுக்க வேண்டும். படம் கிடையாது, டிரெய்லர் மட்டும். இல்லாத படத்துக்கு எதற்கு இவ்வளவு அமர்க்களம் என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதோடு ஒரு போஸ்டரும், சினிமாப் பத்திரிகைக்கு ஒரு அட்டையும் செய்ய வேண்டும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே படம் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும், அதற்குத்தான் பாதி மதிப்பெண். இது பேய்ப் படம், இவள் வைத்த பெயர் ‘பூட்டிய பிறகு’. கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் ஒரு பெண், உள்ளே விளக்கு எரிவதைத் திரும்பிப் பார்க்கிறாள், அவ்வளவுதான் கதை. நடிக்க ஒத்துக்கொண்டிருந்த வேறொரு அம்மாள் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். சின்னவள் அழாத குறையாக வந்து நின்றாள். இருட்டில்தானே நிற்கப் போகிறேன் என்று அம்மா சம்மதித்துவிட்டாள். நீ பார்க்க வேண்டும், உன் அம்மா அவ்வளவு நன்றாக நடிப்பாள் என்று இத்தனை வருஷத்தில் எனக்கே தெரியாது.

போஸ்டரில் பாதி முகம் இருட்டில் இருந்தது, மீதிப் பாதியில் டார்ச் வெளிச்சம். வெளிச்சம் விழுந்தது அந்தக் கன்னத்தில். அம்மா அதைப் பார்த்துவிட்டு, பேய்ப் படத்துக்குப் பொருத்தமாத்தான் இருக்கேன் என்று சொல்லிச் சிரித்தாள். நாங்களும் சிரித்து வைத்தோம். சின்னவளுக்கு அது மனதில் தைத்துவிட்டது போலிருக்கிறது. அட்டைக்கு எடுத்த பளிச்சென்ற படத்தில், யாரையும் கேட்காமல், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த வெள்ளையை முழுக்க அழித்துவிட்டாள். அசல் படத்தின் மேலேயே சேமித்துவிட்டாள், கேமராவில் இருந்ததையும் துடைத்துவிட்டுக் கல்லூரியில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆசிரியை போஸ்டரையும் அட்டையையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, இது ஒரு பெண், அது வேறொரு பெண், எந்தப் படத்துக்கு எந்த அட்டை என்றே தெரியவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்து கொண்டு வா என்று அனுப்பிவிட்டார். இவள் அதே குழப்பத்தோடு வந்து இரண்டையும் சாப்பாட்டு மேஜைமேல் பரப்பிவைத்துவிட்டு முகம் கழுவப் போயிருக்கிறாள். அம்மா வேலை முடிந்து உள்ளே வந்தாள்.

நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. தட்டு வைக்கும் சத்தமும் குழாய்ச் சத்தமும்தான். சின்னவள் என்னிடம் வந்து, போஸ்டரிலும் அழித்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும், அதற்கு அதிக நேரம் ஆகாது, செய்துவிடட்டுமா என்று கேட்டாள். செய் என்றால் அம்மாவுக்குத் துரோகம், செய்யாதே என்றால் இவள் படிப்பு கெடும். அம்மாவைக் கேள் என்று சொல்லி நைசாகக் கழன்றுகொண்டேன். சின்னவளுக்குக் கேட்கப் பயம். வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டே வந்தது.

கடைசியில் புதன்கிழமை மத்தியானம் சின்னவள் போய்க் கதவைத் தட்டினாள். அம்மா, மன்னிச்சிடு, உனக்கு நல்லா இருக்கும்னுதான் செஞ்சேன் என்றாள். அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னது அப்படியே எனக்கு நினைவில் இருக்கிறது. “அந்த அட்டையில நான் நல்லாத்தான்டி இருக்கேன். அது இல்ல விஷயம். கடையில அந்த ஆளு என் கையத் தொடல, நீ என் மூஞ்சிய அழிச்சிட்ட. ரெண்டு பேருமே என்னை ஒரு வார்த்தை கேக்கல.” சின்னவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் வாசல்படியில் நின்றபடி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் விழித்தேன். மடித்த துணியை ஒதுக்கி வைத்துவிட்டு அம்மாதான், இப்ப என்ன செய்யணும் என்று கேட்டாள். மறுபடி எடுக்க வேண்டும் என்றாள் இவள். அம்மா எழுந்து போய் முகம் கழுவினாள். பவுடர் டப்பாவைக் கையில் எடுத்தாள், திரும்ப வைத்தாள். வந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

கேமராதான் திரும்பிப் போய்விட்டதே, சின்னவள் போனில்தான் எடுத்தாள். வெளிச்சம் முகத்தில் திரும்ப விழ வேண்டும் என்று வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்றை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். என் கை ஆடிய ஆட்டத்தில் வெளிச்சமும் சேர்ந்து ஆடியது. உங்கப்பாவுக்குக் கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படித்தான் கை நடுங்கிச்சு என்று அம்மா சிரித்துவிட்டாள். சிரிக்கிற முகம் இந்தப் படத்துக்கு ஆகாது என்று சின்னவள் கெஞ்சினாள். சிரிப்பு அடங்கி, அடங்கிய பிறகு ஒரு நிமிஷம் அம்மா நேராகப் பார்த்தாள் பார். அந்த வெள்ளை, அதற்கு மேல் அந்தக் கண். சின்னவள் எடுத்துவிட்டாள். அதுதான் அட்டை. அப்புறம் தலைப்பு எழுத்துக்கு நிறம் தேடினாள், சிவப்பு போட்டாள், மஞ்சள் போட்டாள், இரண்டு படத்துக்கும் ஒன்றாகப் பொருந்தவில்லை. தயங்கித் தயங்கி, “உன் கன்னத்துல இருக்கிற நிறத்தையே எழுத்துக்கு எடுத்துக்கட்டுமாம்மா?” என்று கேட்டாள். அம்மா திரையைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு, எடுத்துக்கோ, வாடகை எல்லாம் கேக்க மாட்டேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை கொடுத்தாயிற்று. மதிப்பெண் இன்னும் வரவில்லை. ஆசிரியை இரண்டையும் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாராம், அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அம்மா இன்னும் உள் அறையில்தான் வேலை பார்க்கிறாள், எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். முன்னால் வருகிறாயா என்று முதலாளி கேட்டதற்குப் பார்க்கலாம் என்றாளாம். நீ லீவு போட்டு ஓடி வர வேண்டாம், வழக்கமாக வரும்போது வா. வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. கண்ணாடியில் ரொம்ப நேரம் தேடாதே, சந்தேகமாக இருந்தால் டாக்டரிடம் காட்டு, மனதில் வைத்துக் குமையாதே.

போஸ்டரையும் அட்டையையும் சின்ன அளவில் அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அம்மா அவற்றை உறையில் வைத்தாள், வெளியே எடுத்தாள், மறுபடி வைத்தாள். நீ இதைப் பிரித்ததும் கூப்பிடுவாய். அழகாக இருக்கிறாய் என்று ஆரம்பிக்காதே, அவள் நம்ப மாட்டாள். என்ன கண்ணில் பட்டதோ அதைச் சொல், தோன்றியதைக் கேள். கேட்டால் பதில் சொல்வாள். உனக்கு எல்லா நலமும் உண்டாகட்டும், நீ நினைத்ததெல்லாம் கைகூடட்டும். இதற்கு மேல் எழுத நேரமில்லை. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், தபால் பெட்டியில் தானே போடுவாளாம், மனசு மாறுவதற்குள் கொடுங்கள் என்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா