வராந்தாவில் ஒரு மேசை

ஞாயிறு, பிற்பகல்

அன்புள்ள கோல்மன் அண்ணாவுக்கு,

டெர்வ்லா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க மனம் வரவில்லை. கொதித்துப்போயிருக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீ பெர்த்தில் உட்கார்ந்துகொண்டு பதறுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் உன் கணக்கைத் தீர்க்கிறேன். கிறிஸ்துமஸ் அன்று போனில், "செத்த பாஷையைக் கட்டிக்கிட்டு என்னடி பண்ணப் போறே?" என்று சிரித்தாயே. பள்ளிக்காலம் முழுக்க நம் ஐரிஷ் மொழியைப் படித்துவிட்டு, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் ஒரே வாக்கியத்தோடு வெளியே வந்தவன் நீ. உன்மேல் தப்பில்லை. யாரோ உனக்கு அதைக் கசப்பு மருந்தாக ஊட்டியிருக்கிறார்கள். அப்படி ஊட்டாமல் சொல்லித்தரத்தான் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். போன கோடையில் மேற்குக் கடற்கரையில், இன்னும் ஐரிஷ் பேசும் ஒரு வீட்டில் எங்களைத் தங்கவைத்தார்கள். அந்த வீட்டம்மா உருளைக்கிழங்கு வடித்துக்கொண்டே பூனையை ஐரிஷில் திட்டிய திட்டை நீ கேட்டிருக்க வேண்டும். செத்த பாஷையில் யாரும் பூனையைத் திட்டமாட்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சிக்காக என்னை ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். வகுப்பாசிரியர் மிஸஸ் ஹெஃபர்னன். முதல் நாள் ஐரிஷ் பாடத்துக்கு மணி அடித்ததும், தைனா என்ற சிறுமி யாரும் சொல்லாமலே எழுந்து வெளியே போனாள். வராந்தாவில், ஈரக் கோட்டுகள் சொட்டும் கொக்கிகளுக்குக் கீழே அவளுக்கென்று ஒரு மேசை. வண்ணம் தீட்ட ஒரு தாள். அவள் அம்மா பிரேசில்காரி, ஊர்க்கோடி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை.

ஏன் என்று கேட்டேன். "அவளுக்கு இங்கிலீஷே தகராறு. இதுல ஐரிஷ் வேறயா? பாவம், விட்டுடு" என்றார் மிஸஸ் ஹெஃபர்னன். பாவமாம்! அந்தப் பெண் இந்த ஊரிலேயே நடைபழகியவள். அவள் ஆங்கிலத்தின் வேகத்துக்கு என்னாலேயே ஈடுகொடுக்க முடியாது.

ஒரு நாள் அவளே கேட்டாள்: "நானும் உள்ள வரட்டுமா டீச்சர்? சத்தம் போடாம இருப்பேன்." அண்ணா, அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை அறுத்தது. அப்போதே மேசையைத் தூக்கி உள்ளே போட்டேன். கதவுக்கு வெளியிலிருந்து கேட்டே கிழமைப் பெயர்களை எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். மிஸஸ் ஹெஃபர்னன் பார்த்தார், தோளைக் குலுக்கிவிட்டு வெளியே போனார். நான் ஐரிஷ் எடுக்கும் நேரத்தில் அவருக்குத் தேநீர் கிடைத்தது.

கல்லூரியிலிருந்து மேற்பார்வையாளர் லிஹி வரும் நாளில்தான் வினை. "இன்னிக்கு ஒரு நாள் அவளை வெளில உட்கார வை. அவ தடுமாறினா உன் மார்க்குதான் போகும்" என்றார் மிஸஸ் ஹெஃபர்னன். தடுமாறினால் தடுமாறட்டும், எல்லாப் பிள்ளைகளும்தானே தடுமாறுகிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்குக் கடை விளையாட்டு. தைனா கடைக்காரி. டாரா என்ற பையன் விலை அதிகம் என்று முனகிக்கொண்டே ஆப்பிளை எடுத்தான். இவள் இடுப்பில் கைவைத்து ஐரிஷில் ஒரு போடு போட்டாள்: "வாங்கலன்னா தொடாதே, உன் கையெல்லாம் சேறு!" வகுப்பே வெடித்துச் சிரித்தது. லிஹியும் சிரித்தார். வினைச்சொல்லில் ஒரு பிழை இருந்தது. அந்தச் சிரிப்பில் அது யாருக்கும் கேட்கவில்லை.

பாடம் முடிந்ததும் மிஸஸ் ஹெஃபர்னன், நான் சொல்பேச்சுக் கேட்காதவள் என்று லிஹியிடம் என் முன்னாலேயே சொன்னார். தலைமையாசிரியர் ட்வோமி என்னைக் கூப்பிட்டார். "நீ இங்க விருந்தாளிம்மா. விருந்தாளி வந்த வீட்டு மேசை நாற்காலியை நகர்த்துவாளா?" மன்னிப்புக் கேட்டால் இதோடு விட்டுவிடுவாராம். நான் நகர்த்தியது மேசையை இல்லை சார், ஒரு பிள்ளையை என்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. பாடம் நன்று, நடத்தை போதாது என்று லிஹி எழுதிவிட்டார். சிரித்த அதே மனிதர்! பயிற்சியில் நான் தேறவில்லை.

மறுநாள் மேசை வராந்தாவுக்குப் போனது. தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டதால்தான் என்று நினைத்து அந்தக் குழந்தை வீட்டில் அழுதிருக்கிறது. அவள் அம்மா ரோசாங்கெலா தொழிற்சாலையின் வெள்ளைப் பூட்ஸோடு நேராக வந்துவிட்டாள். வாசலில் ட்வோமியை மறித்து நின்றாள். அவள் போர்த்துகீசிய மொழியில் கேட்கக் கேட்க, மகளே மொழிபெயர்த்தாள். "என் பொண்ணு என்ன தப்பு பண்ணினா?" பாரம் கூடிவிடக் கூடாது, அவள் நல்லதுக்குத்தான் என்றார் ட்வோமி. "ரெண்டு பாஷையைச் சுமக்கிறவளுக்கு மூணாவது பாரமா?" அடுத்த வரி வந்ததும் தைனா நிறுத்திவிட்டாள். "சொல்லு" என்றாள் அம்மா. குழந்தை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது: "என்னை மாதிரியே என் பொண்ணும் இந்த ஊர்ல காலமெல்லாம் வெளியிலேயே இருக்கணுமான்னு அம்மா கேக்குறாங்க."

போன திங்கட்கிழமை மேசை உள்ளே வந்தது, இனி உள்ளேதான் இருக்கும். மிஸஸ் ஹெஃபர்னன் என்னிடம், "ஜெயிச்சிட்டே போல" என்றார். தோற்று நிற்பது நானில்லையா? இலையுதிர்காலத்தில் இன்னொரு பள்ளியில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகிறது. இது நியாயமா, சொல்!

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. பட்டமளிப்பன்று போட்டுக்கொள்ளத் தனக்கொரு தொப்பி வாங்கி, தெரு முழுக்கக் காட்டியாகிவிட்டது. நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

ஒரு வருஷம் தள்ளிப்போனதில் உனக்கு விடுப்புக் கேட்க நேரம் இருக்கிறது. பட்டமளிப்புக்கு வா அண்ணா. அப்பாவின் அடக்கத்துக்கு ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன், இப்போது எனக்குச் சண்டை போட நன்றாக வருகிறது. உன் கட்டிலில் துணிகளைக் குவித்து வைத்திருக்கிறோம். எடுத்துவிடட்டுமா?

கோபம் ஆறாத உன் தங்கை,
டெர்வ்லா