ஒரு பெயரை மாற்றப் போய்

பெப்ரவரி 3, 2025

ரியூஷன் நிலையத்தில் இன்று முந்நூறு மாணவர் படங்களுக்கும் ஒரே வரியில் பெயர் மாற்றினேன். மவுசைத் தொடவே இல்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு கட்டளை — முடிந்தது. போன வருடம் இதற்கு இரண்டு நாள் மினக்கெட்டேன். நான் வாசிக்கிற மாயக் கதைகளில் மந்திரம் இப்படித்தான் வேலை செய்யும். சொல்லைப் பிசகாமல் சொன்னால் கதவு திறக்கும். நாற்பத்து நான்கு வயதில் எனக்கும் ஒரு கதவு!

இரசாயனம் படிப்பிக்கிற ஷபீகாவிடம் மட்டும் சொன்னேன். விண்வெளிக் கதைப் பைத்தியம் அந்தக் கட்டடத்தில் என்னை விட்டால் அவர் ஒருவர்தான். அவர் சிரிக்கவில்லை. எப்படிச் செய்தது என்று கேட்டார்.

பெப்ரவரி 12

ஷபீகா ஆறு வருடமாக நாவல் எழுதுகிறாராம். கிராண்ட்பாஸிலிருந்து வருகிற பஸ்ஸில், போனில், துண்டு துண்டாக. 214 கோப்புகள். மூன்று நிலவுள்ள கோளுக்குப் போகும் கப்பல். அதில் வானி என்றொரு வானிலை ஆய்வாளர். வீட்டில் யாருக்கும் தெரியாது.

கொட்டாஞ்சேனையில் பதிப்பகம் நடத்தும் சிவபாலன், மார்ச் 14க்குள் விஞ்ஞானக் கதைகள் அனுப்பச் சொல்லி அறிவித்திருக்கிறார். ஒரே கோப்பாக வேண்டும். உங்கள் கறுப்புத் திரையால் ஒட்ட முடியுமா என்று ஷபீகா கேட்டார். ஓம் என்றுவிட்டேன். முடியுமா?

பெப்ரவரி 13

cat என்று ஒரு கட்டளை. ஒட்டிவிட்டது. நான் கெட்டிக்காரி.

பெப்ரவரி 14

இல்லை. 1க்கு அடுத்து 10, அதற்கு அடுத்து 100 என்று ஒட்டியிருக்கிறது. முதல் பக்கத்தில் கப்பல் புறப்படுகிறது, மூன்றாம் துண்டிலேயே கப்டன் செத்துக் கிடக்கிறார். எண் வரிசையில் அடுக்கச் சொல்லித் திரும்ப ஒட்டினேன். கப்டன் பிழைத்துக்கொண்டார், 98ஆம் கோப்பு வரை.

பெப்ரவரி 23

முழுவதும் வாசித்துவிட்டேன். மூன்றாம் நிலவு வரும்போது புழுதிக்கடல் முழுக்கச் சத்தமில்லாமல் மேலெழும்பும். அந்த இடத்தைப் பஸ்ஸில் வாசித்தபடி நான் வெள்ளவத்தையில் இறங்க மறந்து தெஹிவளை வரை போய்விட்டேன். நடந்துதான் திரும்பினேன். கால் வலி. பரவாயில்லை.

மார்ச் 12

வானியின் பெயரை மாற்ற வேண்டும் என்கிறார் ஷபீகா. இனி யார் மாற்றுவது, நாளை மறுநாள் கடைசி நாள் என்றேன். அவர் சொன்னார்: "எங்கட ஏரியாப் புள்ள ஒருத்தி ஆகாயத்துக்குப் போற மாதிரித்தான் நெனச்சு எழுதினேன், ரதி. நூரா எண்டுதான் வச்சீந்தேன். ஆரும் வாசிக்கமாட்டாங்க எண்டு பயந்து மாத்தினேன்."

அதற்குப் பிறகு எப்படி மறுப்பது? sed என்ற கட்டளை, ஒரு சொல் வரும் இடமெல்லாம் வேறு சொல்லை வைத்துவிடும். ஒரே வரி. ஒரு நொடி. முதல் பக்கத்தைக் காட்டினேன்: நூரா கப்பலில் ஏறுகிறாள். ஷபீகாவின் கண் கலங்கியது.

மார்ச் 14

நோன்பு திறக்க அரைமணி இருக்கையில் அனுப்பினோம். எனக்கும் கஞ்சி தந்தார்.

மார்ச் 15

ஐயோ.

ஆசைக்குத் திரும்ப வாசிக்கலாம் என்று திறந்தேன். 'நூரால் மூன்று நிலவுகள் எழுந்தன.' என்ன இது? நூரா எப்படி நிலவை எழுப்புவாள்? கீழே போனால் 'நூராலை மோசமாகிக்கொண்டிருந்தது'. இன்னும் கீழே, 'நூராயல் கூடம்'.

வானில். வானிலை. வானியல். எல்லாவற்றுக்குள்ளும் வானி இருக்கிறாள்! வானத்தைப் பற்றின நாவல். 611 இடம். முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினேனே, எனக்கென்ன விசரா? ஆறு வருசம் பஸ்ஸில நிண்டுகொண்டு எழுதினது —

எப்படிச் சொல்லுறது.

மார்ச் 16

சொன்னேன். நீங்கள் வாசித்துப் பார்க்கவில்லையா என்று மட்டும் கேட்டார். போனை வைத்துவிட்டார்.

214 மூலக் கோப்புகளும் நல்லகாலம் அப்படியே இருந்தன. முதலில் ஒரு பிரதி எடுத்தேன். வானியின் என்றால் நூராவின், வானியை என்றால் நூராவை, வானியிடம் என்றால் நூராவிடம் என்று தனித்தனிக் கட்டளைகள். பிறகு கட்டளையை நம்பாமல் வரி வரியாக வாசித்தேன். பிழை என்னுடையது, எழுதியவருடையது அல்ல என்று கடிதம் வைத்து, திருத்திய பிரதியைச் சிவபாலனுக்கு அனுப்பினேன்.

மார்ச் 19

ஷபீகா இடைவேளைக்கு என் அறைப் பக்கம் வரவில்லை.

மார்ச் 24

சிவபாலன் இருவரையும் கொட்டாஞ்சேனைக்குக் கூப்பிட்டார். பஸ்ஸில் நானும் ஷபீகாவும் ஆளுக்கொரு யன்னல்.

என் கடிதம் போவதற்கு முன்பே அவர் முதல் பிரதியை வாசித்து முடித்திருந்தார். அங்கங்கே தட்டுப்பிழை இருந்தது, ஆனால் கீழே வைக்க மனம் வரவில்லை என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அந்த நூராலையை ஏன் எடுத்தனீங்கள்? வானிலை எங்கட பூமிக்கு, அந்தக் கோளில இருக்கிறது நூராலை எண்டெல்லோ நான் நினைச்சனான். நல்ல சொல்லு."

நான் நிலத்தைப் பார்த்தேன். பக்கத்தில் ஷபீகாவின் தோள் குலுங்கியது. அழுகிறாராக்கும் என்று நினைத்தால், சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு. எனக்கும் தொற்றிவிட்டது.

"அங்கத்தக் காத்தையும் மழையையும் மொதல்ல அளந்தவ நூராதானே," என்றார் ஷபீகா. "அவட பேரே ஈக்கட்டும்."

புத்தகம் போடுகிறார்கள்! போடுகிறார்கள்!

மார்ச் 28

எது பூமியின் வானிலை, எது அந்தக் கோளின் நூராலை என்று பிரிக்க எந்தக் கட்டளையாலும் முடியாது. நானும் ஷபீகாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தோம். 97 இடம். பாதியில் வேலையை மறந்து கதைக்குள் போய்விட்டோம், இரண்டு முறை.

மார்ச் 31

பெருநாள். கிராண்ட்பாஸில் வட்டிலப்பம், இரண்டு கோப்பை. ஷபீகா வீட்டில் சொல்லிவிட்டார். கணவர் நிலாம் முதல் அத்தியாயத்தைக் கையில் பிடித்தபடி சோற்றை ஆறவிட்டார்.

ஒகஸ்ட் 9

சனிக்கிழமைகளில் சிவபாலனின் பதிப்பகத்தில் எனக்கு வேலை. இது ஆறாவது வாரம். இருபது வருடத்துக்கு முந்திய எழுத்துருக்களில் அடித்து, இப்போது திறந்தால் கோணல் குறிகளாகத் தெரிகிற பிரதிகள், ஓர் அலுமாரி நிறையப் பழைய சீடிக்களில். ஒவ்வொன்றாகத் தமிழுக்குத் திருப்புகிறேன்.

இன்று ஒன்றில் தலைப்பும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. பிரதி எடுத்து, கட்டளையை ஓட்டினேன். குறிகள் எழுத்தாகின. முதல் வரி: 'கடல் வற்றிய மறுநாள் மீன்கள் ஊருக்குள் நடந்து வந்தன.'

மதியத்துக்குள் நாலு கோப்பு முடித்திருக்க வேண்டும். ஒன்றும் முடியவில்லை. வந்து எட்டிப்பார்த்த சிவபாலன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஷபீகாவுக்குச் செய்தி போட்டேன்: கதை ஒன்று அகப்பட்டிருக்கு, உடன வாங்கோ, இருபதாம் பக்கத்தில நிக்கிறம்.