பங்குக் கல்லுக்கு அப்புறம்

1953, நவம்பர் 9

காலை முதல் தூறல். தீப்பெட்டி எல்லாம் நமுத்துப்போயிற்று. வாங்க வேண்டியவை: தீப்பெட்டி, குடைத் துணி, குளத்துக்குச் சாக்கு.

மராமத்து ஓவர்சியர் குளத்துக் கரை பார்க்க வந்தார். புதுச் செருப்பு. நம் பங்குக் கரை முழுவதும் நடந்தார். அடுத்த பங்கு இன்னாசியுடையது, என் கொழுந்தன் மகன். இரண்டையும் பிரிக்கும் பங்குக் கல்லருகே நின்றுவிட்டார். "அங்கோட்டு ஒரே சகதி, அம்மா." சகதி ஏன் என்று பார்க்கத்தானே வந்தீர் என்றேன். சிரித்தார். இன்னாசி வீட்டில் சாப்பிட்டுப் போனார்.

கரையின் வெளிச்சரிவைத் தோண்டி ஏத்தன் வாழை வைத்திருக்கிறான் இன்னாசி. கிறிஸ்துமஸுக்குக் குலை வெட்டும் எண்ணம். பிடுங்கி எறி, குழியில் களிமண் இட்டு இடி என்றேன்.

"பெரியம்மை, ஒங்க பங்கை நீங்க பாருங்க."

அதற்குமேல் பேச வழியில்லை. அவரவர் பங்கை அவரவர்தான் கட்ட வேண்டும். ஒருவன் பங்கில் இன்னொருவன் ஒரு கூடை மண் போட்டால் நிலத்துக்கு உரிமை கேட்கிறான் என்று பொருள். போன மழையில் நம் கல்லைத் தாண்டி ஒருவன் மண் போட்டபோது நானே அள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன்.

நவம்பர் 11

பெருமழை. கோழிக்கூடு ஒழுகுகிறது.

குளத்துக் காவல் செல்லையன் வந்தான். இன்னாசி பங்கின் வெளிப்பக்கம், வாழை அடியில் ஊற்று.

"தெளிந்த தண்ணீரா, கலங்கலா?"

"தெளிஞ்ச வெள்ளந்தான் அம்மா. விரல் தண்டிக்கு வருது."

தெளிவாக வந்தால் வெறும் கசிவு. கலங்கி வந்தால் கரையே கரைந்து வருகிறது. விடாமல் பார்த்துக்கொண்டிரு என்றேன். கரைக்கு நேர் கீழே ஓலை வீடுகள். செல்லையன் வீடும் அங்கேதான்.

ஊற்றைப் பார்த்துச் சொல்ல இன்னாசியிடம் நம் வண்டிக்காரனை அனுப்பினேன். வாயில் துணியை அடைத்துக்கொண்டு திரும்பினான். முன்பல் இரண்டு இல்லை. "பெரியம்மைக்க கூலிக்காரன் எனக்க கரையில என்ன நோட்டம் பாக்கான்னு சொல்லி இடிச்சாரு அம்மா." உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்தேன்.

நவம்பர் 12

பூசைக்குப் போகவில்லை. இதை மாலையில் எழுதுகிறேன்.

விடிந்ததும் செல்லையன். ஊற்று தொடைப் பருமன், செம்மண் நிறம்.

"நீ ஏன் அடைக்கவில்லை?"

"அவருக்க பங்குல்லா அம்மா. ஒங்க சம்மதம் இல்லாம நான் எப்படிக் கால் வைப்பேன்?"

பெண்டாட்டியும் பிள்ளைகளும் அந்த ஊற்றுக்குக் கீழே. இவன் என் வீடு வரை வந்து சம்மதம் கேட்கிறான்.

போனேன். கையில் காலமான என் கணவரின் பூண் போட்ட கைத்தடி. கல்லுக்கு இந்தப் பக்கம் நம் ஆட்கள், களிமண் கூடைகளோடு வரிசையாக. அந்தப் பக்கம் இன்னாசியும் அவன் ஆட்களும், வெட்டுக்கத்தியோடு. நடுவில் கரை கட்டி கட்டியாகச் சரிகிறது. ஒருவரும் கல்லைத் தாண்டவில்லை.

வாழையை வெட்டாமல் சாக்கு அடுக்க முடியாது என்றேன்.

"எனக்க வாழையில கை வச்சவனுக்கு அந்தக் கை இருக்காது."

"எலே இன்னாசி, ஒரு குலைக்கு எனக்க பிள்ளியள வெள்ளத்தில விடுவியா?" என்றான் செல்லையன். இன்னாசியை ஒரு நாளும் எலே என்று கூப்பிட்டவன் இல்லை இவன்.

தாண்டினான். ஒரு வாழையைச் சாய்த்தான். அடுத்ததற்குக் கை ஓங்கும்போது இன்னாசி வெட்டினான், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே. ரத்தம் வாழைப்பட்டையில் அடித்தது. செல்லையன் உட்கார்ந்தான், களைத்தவன் மாதிரி.

நானும் தாண்டினேன். தடியால் இன்னாசியின் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறிந்தது கேட்டது. இன்னொரு தரமும் அடித்தேன்.

பிறகு எல்லாரும் பாய்ந்தார்கள். மண்வெட்டிக் காம்பு, கல், பல். ஒருவனைச் சகதியில் முகம் புதைய மிதித்தார்கள். முதலில் மண், அடிதடி அப்புறம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். வண்டிக்காரன்தான் முதலில் கூடையைத் தூக்கினான்.

களிமண் நிற்கவில்லை, தண்ணீர் பறித்துக்கொண்டு போகிறது. கல் வேண்டும். பங்குக் கற்களைப் பிடுங்குங்கள் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நம் கல்லைக் காட்டினேன், என் கணவர் பெயரின் முதலெழுத்து வெட்டியது. அது போனபின் மற்றக் கற்களுக்கு யாரும் கேட்கவில்லை. கல், வாழைத்தடி, சாக்கு, மண். உச்சிப்பொழுதுக்கு ஊற்று அடங்கியது.

செல்லையனைக் கட்டிலோடு நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு. இன்னாசி ஓடிவிட்டான்.

நவம்பர் 13

மழை விட்டது. குளம் நிரம்பி, மிச்சத் தண்ணீர் மறுகாலில் வழிகிறது. கரை நிற்கிறது. வலது தோளைத் தூக்க முடியவில்லை. தைலம், வெந்நீர்.

செல்லையன் செத்துப்போனான்.

அவன் பெண்டாட்டி வந்தாள். அழவில்லை. "முந்தின நாளே நீங்க அந்தக் கல்லைத் தாண்டியிருக்கப்பிடாதா அம்மா?" நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

மாலையில் இன்னாசியின் தாய், என் கொழுந்தன் மனைவி. காலைப் பிடித்தாள். "வாழையைக் காக்க வீசினதுல செல்லையன் அவனாட்டு வந்து கத்தியில விழுந்தான்னு சொல்லுங்க அக்கா. நீங்க சொன்னா ஊரு நம்பும். நம்ம குடும்பத்துல ஒருத்தன் தூக்குல தொங்கவா?" எழுந்திரு என்றேன். காபி கொடுத்தேன். குடித்தாள்.

தூக்கமில்லை.

நவம்பர் 14

வெயில். போர்வைகள் காயப் போட்டேன்.

ஏட்டு வந்து என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார். வெட்டினவன் பெயர். சொன்னேன். தகப்பன் பெயர். சொன்னேன். வீட்டுப் பெயர். சொன்னேன்.

"அது ஒங்க வீட்டுப் பெயருல்லா அம்மா?"

ஆமாம், எழுதும் என்றேன்.

இன்னாசியை நான் அடித்ததையும் எழுதச் சொன்னேன். "கத்தியைத் தட்டிவிட ஒரு அடின்னு எழுதுதேன். அது குத்தமில்ல."

இரண்டு என்றேன். முதல் அடியிலேயே கத்தி விழுந்துவிட்டது.