மேடம் வெட்டிய ‘மிக மிக’

மார்ச் 4

என்னங்க,

உங்கள் கடிதம் கிடைத்தது. நானும் பிள்ளையும் நலம். அவனுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, என்னைக் கடித்துப் பழகுகிறான்.

ஒன்று கேட்கணும். முன்பெல்லாம் ‘மிக மிக அன்புள்ள வாயாடிக்கு’ என்று தொடங்குவீர்கள். இந்த முறை வெறும் ‘அன்புள்ள’. மிக மிக எங்கே போச்சு? ஆபீஸில் உங்கள் இங்கிலீஷைத் திருத்துகிற மேடத்தின் புகழுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்! அவங்களுக்கு என்ன வயசு?

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 15

அன்புள்ள வாயாடிக்கு,

வயசைக் கேட்டால் என் வேலை போய்விடும். புகார்களுக்கு இங்கிலீஷில் பதில் எழுதுவதுதானே என் பிழைப்பு? ஒரே வரியில் ‘வெரி’, ‘டோட்டலி’, ‘அப்சலூட்லி’ என்று அள்ளிப் போடுவேன். பதிலைப் படித்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். மேடம்தான் காப்பாற்றினார். வருந்துகிறோம் என்றால் ‘டீப்லி’, பரிந்துரைக்கிறோம் என்றால் ‘ஸ்ட்ராங்லி’. ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் ஏற்ற ஜோடி உண்டாம். ஒன்றுக்கு மேல் வைத்தால் பொய் மாதிரி இருக்குமாம். அந்தப் பழக்கத்தில்தான் உன் ‘மிக மிக’வும் போனது.

உன் கடிதத்தையே பயிற்சிக்காக இங்கிலீஷில் எழுதிக் காட்டினேன். உன் கோபத்தில் அவர் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை, தெரியுமா!

உன் வீட்டுக்காரன்

மார்ச் 24

என்னங்க,

நம் வீட்டுப் பேச்சை அவள் மேசையில் விரித்து வைத்தீர்களா? கையில் பேனாவோடு படித்தாளா? ஜோடிப் பொருத்தம் பற்றி உங்களுக்கு அவள்தான் பாடம் எடுக்கணுமா? ஆமாம், எனக்கு வயிறு எரிகிறது. ரொம்ப ரொம்ப எரிகிறது. முடிந்தால் இதில் ஒரு ‘ரொம்ப’வை வெட்டச் சொல்லுங்கள்.

இனி நான் எழுதப் போவதில்லை.

பிள்ளையின் அம்மா

ஏப்ரல் 16

மிக மிக மிக அன்புள்ள வாயாடிக்கு,

தபால்காரர் என்னைக் கண்டாலே கையை விரிக்கிறார். சாப்பாடு இறங்கவில்லை. செய்தது தப்புதான்.

லீவு கேட்டு இங்கிலீஷில் நானே எழுதினேன். வீட்டுக்குப் போக லீவு ‘டெஸ்பரேட்லி’ தேவை, அதாவது தவியாய்த் தவிக்கிறேன் என்று போட்டேன். மேடம் சிவப்புப் பேனாவைத் திறந்தார், திரும்ப மூடிவிட்டார். “இது சரியான ஜோடிப்பா, இருக்கட்டும்” என்றார். லீவு கிடைத்துவிட்டது. முப்பதாம் தேதி காலை வீட்டில் இருப்பேன்.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 23

மிக அன்புள்ள உங்களுக்கு,

வாங்க. வாசலிலேயே நிற்பேன். பிள்ளைக்கு மூன்றாவது பல்லும் வந்துவிட்டது.

ஒரே ஒரு கேள்வி, நேரில் வந்து பதில் சொன்னால் போதும். அந்த லீவு கடிதத்தை எதற்கு அவளிடம் காட்டினீர்கள்?

உங்கள் வீட்டுக்காரி