வில்சன் கண்ணில் இரும்பு

மார்ச் 6, வியாழன்

வில்சனுக்கு இன்றும் தலைசுற்றல். பைக்கை ஒரகடத்தில் கம்பெனியிலேயே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் படப்பை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். சனிக்கிழமை போகிறோம்.

மார்ச் 8, சனி

ஸ்கேன் எடுக்கவில்லை.

ஜீவானந்தம் என்று ஒரு டெக்னீஷியன். செயின், மோதிரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். அப்புறம் என்ன வேலை என்று கேட்டார். கம்பெனியில் கிரைண்டிங் என்றார் வில்சன். கண்ணில் எப்போதாவது உலோகப் பிசிறு அடித்ததா? வில்சன் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு வாட்டி அடிச்சிது சார். கம்பெனிலயே கழுவி வுட்டாங்க" என்றார்.

கட்டின பொண்டாட்டி எனக்குத் தெரியாது. முந்தின வருஷக் கிறிஸ்துமஸ் சமயம் கண் சிவந்து வந்தாரே, தூசி என்றாரே, அதுதான். சேஃப்டி ஆபீசர் புருஷோத்தமன் தண்ணீர் ஊற்றிக் கழுவி, உள்ளே ஒன்றும் போகவில்லை என்று திரும்ப மெஷினுக்கே அனுப்பியிருக்கிறான்.

ஜீவானந்தம் விடவில்லை. முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே என்றார். எடுத்தோம். இடது கண்ணுக்குள் ரவை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

"இவரை உள்ள படுக்க வெச்சிருந்தா அது நகர்ந்து கண்ணையே கிழிச்சிருக்கும்மா. அந்த மெஷினே பெரிய காந்தம், எப்பவும் ஆன்லதான் இருக்கும்."

மார்ச் 9, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்க இன்று என்னால் முடியாது.

என் வேலையே இதுதானே. இருங்காட்டுக்கோட்டையில் மோட்டாருக்கான தகடுகளைச் சோதிக்கிறேன். காந்தப்புலத்தை ஒரு தகடு தனக்குள் எவ்வளவு விட்டுக்கொள்கிறது என்று பார்ப்பது. காந்த உட்புகுதிறன் என்று பாலிடெக்னிக்கில் படித்தது. செம்பும் அலுமினியமும் காந்தம் வந்தால் சும்மா கிடக்கும். இரும்பு அப்படியில்லை. புலத்தை உள்ளே வாங்கி, தானும் ஒரு காந்தமாகி, இழுத்த பக்கம் போகும். நாள் முழுக்க இதைப் பார்த்துவிட்டு வந்து, அந்தக் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்து சோறு போட்டிருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

புருஷோத்தமனுக்குப் போன் செய்தேன். அவன் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "எங்க லைன்ல ஸ்டெயின்லெஸ் மட்டும்தான் ஓடுது மேடம். காந்தத்துல ஒட்டாது. தைரியமா ஸ்கேன் எடுங்க."

தைரியமா!

ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒட்டவில்லை. அழுத்தி வளைத்திருக்கும் மூலையில் லேசாகப் பிடித்தது. அடித்து வளைத்தாலே குணம் மாறுகிற உலோகம். நெருப்பாகத் தெறித்து வந்த பிசிறு எதுவென்று அவனுக்கு எப்படித் தெரியும்? அது கிரைண்டிங்குக்கு வந்த பாகமோ, பிடித்து நிறுத்தும் இரும்புக் கட்டையோ? சேர்ல உக்காந்துகினு சொல்லிட்டான்.

வில்சன்மேல் அதைவிடக் கோபம். "வுடு ஷீபா. கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம், பெருசு பண்ணாத" என்கிறார். யார் கண்ணுய்யா அது? கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

மார்ச் 13, வியாழன்

சென்னையில் கண் டாக்டர் அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார், இரும்புதானாம். உள்ளே துரு கரைந்து பரவியிருக்கிறது. அந்தக் கண்ணில் சாயங்காலம் ஆனால் மங்கல் என்று இன்றைக்குத்தான் வில்சன் வாயைத் திறக்கிறார். அதோடுதான் தினமும் பைக் ஓட்டியிருக்கிறார்.

துரு. உயிரோடு இருக்கிற மனுஷன் கண்ணுல துரு.

மார்ச் 18, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. ஊசி மாதிரி மெல்லிய காந்தம் ஒன்றை உள்ளே விட்டிருக்கிறார்கள். துணுக்கு அதில் வந்து ஒட்டிக்கொண்டதாம். ஒரு சின்ன டப்பாவில் காட்டினார்கள். கறுப்பாக, ஒரு பக்கம் கூராக. கால் நகத்தில் சிக்கினால்கூடத் தெரியாது.

பார்வை முழுசாகத் திரும்பாது என்றார் டாக்டர் அம்மா. வராண்டாவில் நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

மார்ச் 24, திங்கள்

புருஷோத்தமன் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வீட்டுக்கே வந்தான். சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தான். வீட்டில் கேட்டுக்கு வெல்டிங் வைக்கும்போது பட்டது என்று சொன்னால் போதுமாம், வில்சனை நிரந்தரம் ஆக்கிவிடுவார்களாம்.

நான் வாயைத் திறப்பதற்குள், கட்டுப் போட்ட கண்ணோடு வில்சன் எழுந்தார்.

"எங்க வூட்டுக்கு கேட்டே இல்ல சார். உங்க லைன்லதான் பட்டுது. யார் கேட்டாலும் அதான் சொல்லுவேன்."

ஆப்பிளையும் அவரே எடுத்து அவன் கையில் கொடுத்தார். நான் போய்க் கதவைத் திறந்து பிடித்தேன்.

ஏப்ரல் 5, சனி

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. தலையில் ஒன்றுமில்லை, காதுக் கோளாறாம், மாத்திரையில் சரியாகுமாம். கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. லேபர் ஆபீசில் புகார் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனி முடிந்ததும் வில்சன் வீட்டுக்கு வரவில்லை. தன்னோடு மெஷினில் நின்றவர்கள் நாலு பேரைக் கண் எக்ஸ்ரேவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். நான் சொல்லவில்லை. அவராகவே.

மத்தியானம் போன் வந்தது. "நாலு பேர்ல இசக்கியப்பனுக்கு வலது கண்ணுல பிசிறு கீது ஷீபா. திருநெல்வேலிக்காரரு, இங்க ரூம்ல தனியா கீறாரு. நம்ம வூட்டுக்குக் கூட்டிகினு வரேன்."

குக்கரைத் திறந்து, இன்னும் ஒரு டம்ளர் அரிசி போட்டேன்.