முகப்பிலிருந்து எடுப்பதற்கும் அடியோடு அழிப்பதற்கும் வேறு வேறு சொல் வேண்டி

அனுப்புநர்:
குழந்தைகள் பகுதித் தன்னார்வலர்
(பாட்டி என்று கேட்டாலே காட்டுவார்கள்),
நூலகத்துக்கு எதிர் வீட்டு மாடி.

பெறுநர்:
கணினிப் பிரிவு அலுவலர் அவர்கள்,
பொது நூலகத் தலைமை அலுவலகம்.

பொருள்: நூலக இணையதளத்தில் படம் ஏற்றும் திரையின் சொற்களை மாற்றவும், என்னால் அழிந்த ஒரு பக்கத்தை மீட்டுத் தரவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மூத்த பேரன் பல் மருத்துவர். அடுத்தவள் வானிலை அலுவலகத்தில் இருக்கிறாள். துணி காயப்போடும் முன் அக்கம்பக்கத்தார் என்னைத்தான் கேட்கிறார்கள். மூன்றாமவன் நீச்சலில் பதக்கம் வாங்கியவன். கடைக்குட்டி விமானம் பழுதுபார்க்கும் படிப்பில் சென்ற மாதம் முதலிடம். நானோ ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இத்தனை நாள் பெருமைக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்த மனு.

1. இணையதளத்தில் 'இளம் வாசகர்கள்' பகுதிக்குப் படம் ஏற்றும் வேலையை நூலகர் என்னிடம் விட்டிருந்தார். "பாட்டி, உங்க வீட்டுப் பிள்ளைங்க போக மிச்ச இடத்துல மத்தவங்களையும் கொஞ்சம் போடுங்க" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது நானும் சிரித்தேன்.

2. நூலகத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மாவுக்கு ஒரு மகள். அம்மா வேலை முடிக்கும்வரை, படித்த கதையிலிருந்து ஒரு காட்சியைக் குழந்தைகள் பகுதிக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வரைவாள். மறுநாள் வகுப்புக்காகப் பலகையைத் துடைத்துவிடுவார்கள். அதற்குமுன் அம்மாவின் போனில் படமெடுத்துத் தருவாள். நான் தளத்தில் அவளுக்கென்று இருந்த பக்கத்தில் ஏற்றுவேன். அந்தப் பக்கம் தளத்தின் முகப்பிலும் தெரியும். போனில் இடம் போதாததால் பிறகு அங்கே அழித்துவிடுவாள். ஆக, அவள் வரைந்ததெல்லாம் இருந்தது அந்த ஒரு பக்கத்தில் மட்டும்தான். ஓவியக் கல்லூரி விண்ணப்பத்திலும் அந்தப் பக்கத்தின் முகவரியைத்தான் எழுதியிருந்தாள்.

3. கடைக்குட்டியின் படத்தை முகப்பில் போட முயன்றபோது "கூறு வரம்பு நிறைவுற்றது" என்று திரை சொன்னது. முகப்பில் இடம் இல்லை என்று புரிந்துகொண்டேன். ஒன்றை இறக்கினால்தான் இன்னொன்றை ஏற்றலாம். அங்கே இருந்த பொத்தான் "கூறு நீக்கம்" ஒன்றுதான். முகப்பிலிருந்து இறக்கவும் அதே சொல். பக்கத்தையே ஒழித்துக்கட்டவும் அதே சொல். பிறகு "சார்புக் கூறுகளுடன் நீக்கத்தை உறுதிசெய்க" என்று கேட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நூலகர் சாப்பிடப் போயிருந்தார். சம்பந்தி வீட்டார் கடைக்குட்டியின் படத்தை அன்று தளத்தில் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அழுத்திவிட்டேன். அந்தப் பெண்ணின் பக்கம் படங்களோடு போய்விட்டது.

4. சொல் புரியாததால் வந்த வினை என்று இந்த மனுவை முடித்திருக்கலாம். முதலில் அப்படித்தான் எழுதிக் கிழித்தேன். அந்தக் கேள்விக்குக் கீழே அவள் பெயரும் இருந்தது ஐயா. அதைப் படிக்க ஐந்தாம் வகுப்பே அதிகம். அவள் முகப்பிலிருந்து போவாள் என்று தெரிந்துதான் அழுத்தினேன். அடியோடு போவாள் என்பது மட்டும்தான் தெரியாது.

5. அவள் அம்மா என்னிடமே வந்து, "விடுங்கம்மா, மிஷின்னா அப்படித்தான். நீங்க எவ்வளவு செஞ்சிருக்கீங்க" என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனார். நானும் பழியை மிஷின் மேலேயே விட்டுவிட்டேன்.

ஆகவே, தங்கள் பிரிவில் பழைய நகல் ஏதும் இருந்தால், கல்லூரிக்காரர்கள் பார்ப்பதற்குள் அந்தப் பக்கத்தை அதே முகவரியில் மீட்டுத் தர வேண்டுகிறேன். பொத்தான்களுக்கு "முகப்பிலிருந்து எடு", "அடியோடு அழி" என்று இரண்டு பெயர் வையுங்கள். இரண்டாவதன் கீழே "அழித்தால் திரும்ப வராது" என்றும் எழுதுங்கள். அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை.

நேற்று அவள் மறுபடி வரைந்தாள். கணினி முன்னால் ஒரு பாட்டி, மூக்கு நுனியில் கண்ணாடி. பக்கத்து நாற்காலியில் அவள். தன் படங்களை நான் ஏற்றித் தருவதை வரைந்திருக்கிறாள். பலகையைத் துடைக்க விடாமல் நானே என் போனில் படமெடுத்து இத்துடன் அனுப்புகிறேன். இந்தப் புதிய படத்தை, கடைக்குட்டியின் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தாங்களே போட வேண்டும். கீழே அவள் பெயர் மட்டும் போதும்.

இந்த மனுவின் நகலைத் தாயிடமும் மகளிடமும் இன்று மாலை நானே கொடுக்கிறேன். படித்த பிறகும் அந்தப் படம் இருக்கலாமா என்று அவளைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
தலைகுனிவுடன்,
(கையொப்பம்)
குழந்தைகள் பகுதிப் பாட்டி

இடம்: நூலகம்
நாள்: செவ்வாய்க்கிழமை