அறுந்த கயிறு

9.8.1998, ஞாயிறு

மாமல்லபுரத்தில் எங்கள் வேதாகமக் கல்லூரி ஆசிரியர்களின் ஜெபக்கூட்டம் என்னால்தான் கெட்டதாம். வேதத்தில் பிழையே இல்லை என்று நம்புகிறவர்கள் கையிலுள்ள வேதப் புத்தகத்தைத் தலைக்குமேல் உயர்த்துங்கள் என்றார் முதல்வர். நான் உயர்த்தவில்லை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் மத்தேயு சுவிசேஷத்தில் தூக்கு மாட்டிக்கொள்கிறான், அதே வேதத்தின் அப்போஸ்தலர் நடபடிகளில் விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான், எது சரி என்று கேட்டேன்.

"கயிறு அறுந்து விழுந்தான், பிரதர்."

"அறுந்துச்சுன்னு எந்த வசனத்துல இருக்கு, ஐயா?"

முதல்வர் உடனே கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்.

செங்கல்பட்டு வரும்வரை பைக்கில் சக ஆசிரியர் சாமுவேலின் புலம்பல். "இன்னாத்துக்கு அண்ணாத்த வம்பு? வேல பூடும்."

போகட்டும். வேதத்தில் இல்லாததைச் சேர்த்தவர் முதல்வர், அவிசுவாசி நானாம். நாளை வகுப்பில் இரண்டு இடங்களையும் உரக்க வாசிக்கச் சொல்வேன். கயிறு அறுந்த வசனத்தை மட்டும் அவர் வந்து வாசிக்கட்டும்.